பெக்கோக்கிலிருந்து வந்த விருந்தினர்

கதிரேசு 'பதினொன்றுக்குப் பிறகு' நிகழ்ச்சியின் தீவிர ரசிகர். பன்னிரண்டு வருடத்தில் அதை ஒரு நாள்கூட முழுதாகக் கேட்டதில்லை.

இரண்டும் உண்மைதான். ஜொகூர் பாருவில் இருந்த தென்முனை வானொலியில், திங்கள் முதல் வெள்ளி வரை, இரவு பதினொரு மணிக்கு ஒரு விருந்தினரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். கதிரேசு ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவார். பொதுப்பணி இலாகாவில் முப்பத்து மூன்று வருடம் படம் வரைந்தவர். விடிவதற்கு முன்பே கூலாயிலிருந்து கிளம்பி, எங்கெங்கோ கட்டிக்கொண்டிருக்கும் பாலங்களைப் பார்க்கப் போய்ப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த உறக்கம் மாறவில்லை. நிகழ்ச்சியைக் கேட்டவள் அவர் மனைவி செல்லப்பாக்கியம். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து பெயரும் ஊரும் எழுதி ஓய்வு பெற்றவள். சமையலறை மேசையில் ஒற்றைக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மறுநாளைக்கு வெங்காயம் உரித்தபடி கேட்பாள். காலை ஆறரைக்கு இடியப்பத்தையும் சொதியையும் வைத்துவிட்டு எதிரே உட்காருவாள்.

"இஞ்சாருங்கோ, நேத்து ராத்திரி ஒருத்தர் வந்தாரு."

அந்த 'இஞ்சாருங்கோ' ஒன்றுதான் தாயாரின் யாழ்ப்பாணப் பேச்சில் அவளிடம் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் கூலாய்ப் பேச்சு.

அப்படி எத்தனை பேர் வந்தார்கள்! நாற்பது வருடம் கடலுக்குப் போயும் நீச்சல் தெரியாத மெர்சிங் மீனவர். "விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டதற்கு, "விழுறதுக்கா போறேன்?" என்றாராம். கதிரேசுக்குச் சொதி மூக்கில் ஏறியது. மூவாரிலிருந்து வந்த ஒருவர், அப்பாவின் மரண அறிவித்தலில் தம் பெயரைத் தம்பி பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்று தம்பியோடு ஒன்பது வருடம் பேசாமல் இருந்தவர். பத்து பகாட் என்ற ஊரிலிருந்து ஓர் அப்பா. மகள் வேற்று மதத்துப் பையனைக் கல்யாணம் செய்ய வேண்டும் என்கிறாள், இவர் மாட்டேன் என்கிறார், இருவரும் ஒரே வீட்டில் காகிதத் துண்டில் எழுதிப் பேசிக்கொள்கிறார்கள்.

அறிவிப்பாளர்களைப் பற்றியும் கதிரேசுக்குத் தீர்மானமான கருத்து இருந்தது. முதல் ஐந்து வருடம் நடத்திய சின்னத்தம்பி கெட்டிக்காரர், ஆனால் தாமே பேசிவிடுவார். பிறகு வந்த யுகேந்திரன்தான் மேதை. கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பத்து எண்ணுகிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார். அந்த அமைதியில்தான் விருந்தினர் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிடுவார். செல்லப்பாக்கியம் அந்த இடத்தைச் சொல்லும்போது அவளும் நிறுத்துவாள். கரண்டி கிண்ணத்தில் அப்படியே நிற்கும். கதிரேசு மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

"அப்புறம்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அந்த அப்பன் முட்டாள். பையன் நல்லவனா இருந்தா கட்டி வைக்க வேண்டியதுதானே. காகிதத்துல எழுதிப் பேசுறானாம். அலமாக், என்ன கூத்து இது!"

"சரி. மீதியை நாளைக்குச் சொல்றேன்."

நிகழ்ச்சியில் ஒரு கதையை எப்போதும் இரண்டு இரவுக்கு இழுப்பார்கள் என்று கதிரேசு நம்பியிருந்தார்.

செல்லப்பாக்கியம் போய் ஏழு மாதம் ஆகிறது. பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன் என்றுதான் போனார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் இல்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையிலும் நிகழ்ச்சி நடந்தது. சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவருக்கு மட்டும் ரொட்டியில் கயா ஜாம் தடவிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, நேத்து ராத்திரி பெக்கோக்கிலிருந்து ஒருத்தர் வந்தாரு. பெண்சாதி செத்து ஒரு வருஷமாச்சாம். பிள்ளைங்க 'வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்க'ன்னு கூப்பிடுறாங்க. அவருக்கு முடிவு பண்ணத் தெரியல. காலையில எழுந்து சும்மா உட்கார்ந்திருக்காராம். நீங்க என்ன நினைக்கிறீங்க? போகணுமா, இருக்கணுமா?"

கதிரேசு சோபாவுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரிக் கார்டை எங்க வச்ச?"

"ஃப்ரிட்ஜ் மேல. கேட்டதுக்குப் பதிலைக் காணோம்."

"மணியாச்சு, கிளம்பு. அந்த ஆளு என்ன பண்ணான்னு திரும்பி வந்து சொல்லு."

"சரி. வந்து சொல்றேன்."

பெக்கோக்காரரைக் கதிரேசு மறக்கவில்லை. முதல் இரண்டு மாதம் எதுவும் ஓடவில்லை. அப்புறம் மகள் ஷாந்தினி கூப்பிடத் தொடங்கினாள். அவளும் மருமகன் கில்பர்ட்டும் ஜொகூர் பாருவில் இருந்தார்கள். "அப்பா, தனியா எதுக்கு? இந்த வீட்டைக் கொடுத்துட்டு எங்களோட வந்துடுங்க." பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கும் ஒரு சீனர் வீட்டை வாங்கிக்கொள்ளக் கேட்டிருந்தார். வருகிற சனிக்கிழமை மதியத்துக்குள் ஆம், இல்லை என்று ஒரு பதில் சொல்ல வேண்டும்.

ஆம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. காலையில் எழுந்து சும்மா உட்கார்ந்திருந்தார். தம்மைப் போலவே உட்கார்ந்திருந்த இன்னொரு மனிதர் பெக்கோக்கில் இருக்கிறார், யுகேந்திரன் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டிருப்பார், காத்திருந்து பதிலையும் வாங்கியிருப்பார் என்ற நினைப்பு மட்டும் ஒரு பிடியாக இருந்தது. அந்த முடிவு தெரிந்தால் போதும். ஒருமுறை தாமே விழித்திருந்து வானொலியைப் போட்டுப் பார்த்தார். யாரோ சமையல் எண்ணெயைப் பற்றிப் பேசிவிட்டுப் பலமாகச் சிரித்தார்கள். யுகேந்திரனுக்கு அன்று உடம்பு சரியில்லை போலும் என்று அணைத்துவிட்டுப் படுத்தார்.

இந்த நிலைமையில்தான் அந்தத் திங்கட்கிழமை செல்லப்பாக்கியத்தின் கைப்பேசி அடித்தது. அதை அவர் இன்னும் தினமும் சார்ஜில் போட்டு வைத்திருந்தார். கூப்பிட்டவர் யோங் பெங்கில் டயர்க் கடை வைத்திருக்கும் ராஜசேகரன். நேயர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"அண்ணே, அக்கா இருந்திருந்தா முதல்ல அவங்களுக்குத்தான் போட்டிருப்பேன். செய்தி தெரியுமா? நம்ம ப்ரோக்ராமை வியாழக்கிழமையிலிருந்து சாயந்திரம் ஏழு மணிக்கு மாத்துறாங்க லா!"

"ஏழு மணிக்கா?"

"ஏழு மணிக்கு! யுகேந்திரனைத் தூக்கிக் காலையில போடுறாங்க. ஏழு மணிக்குப் பிரேமலான்னு ஒரு பொண்ணு. பேரை மாத்தினாங்களா? இல்ல. ஏழு மணிக்கு 'பதினொன்றுக்குப் பிறகு'. கேட்டா, பேரு மக்கள் மனசுல பதிஞ்சு போச்சாம்."

"இதுல என்ன பெரிய வித்தியாசம், ராஜசேகரன்?"

மறுமுனையில் டயர் கழற்றும் இயந்திரம் நின்றது. "என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? பதினொரு மணிக்குப் பேசுறவன் வேற, ஏழு மணிக்குப் பேசுறவன் வேற. பதினொரு மணிக்கு எல்லாரும் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கோம். பொய் சொல்லத் தெம்பு இருக்காது. ஏழு மணிக்கு இன்னும் ஆபீஸ் மூஞ்சிதான் இருக்கும். அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எவன் உண்மையைச் சொல்லுவான்? புதன்கிழமை மூணு மணிக்கு ஸ்டேஷன்ல கருத்துக் கூட்டம். யுகேந்திரனும் இருப்பாரு. நீங்க அக்கா சார்பா வந்து நாலு வார்த்தை பேசணும்."

யுகேந்திரனும் இருப்பார். கதிரேசு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வர்றேன்" என்றார்.

வானொலி நிலையம் ஒரு கடைவீட்டு வரிசையின் மேல்மாடியில் இருந்தது. கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. பதினொரு நேயர்கள் வந்திருந்தார்கள். கறி பஃப்பும் தே தாரிக் தேநீரும் கொடுத்தார்கள். மேலாளர் எழுந்து, சிங்கப்பூர் போகும் காஸ்வே பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்தான் இப்போது வானொலி கேட்கிறார்கள், அவர்களுக்கு ஏழு மணிதான் சரி என்றார்.

"மாட்டிக்கிட்டவனுக்குப் பாட்டுப் போடுங்க சார்," என்றார் ராஜசேகரன். "முன்னால நிக்கிற லோரியைத் திட்டிக்கிட்டு இருக்கிறவன்கிட்ட போய் மனசைத் திறந்து பேசுவீங்களா? அண்ணே, நீங்க சொல்லுங்க. இவங்க வீட்டுக்காரம்மா பன்னிரண்டு வருஷ நேயர். ஒரு நாள் விட்டதில்ல."

கதிரேசு எழுந்தார். எதிரே நீல டீ-சட்டையில் கட்டை குட்டையான ஒரு மனிதர், கறி பஃப்பின் தூளை மடியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் யுகேந்திரன் என்று அறிந்தபோது கதிரேசுக்குக் கோயிலில் திரை விலகும்போது வரும் கூச்சம் வந்தது.

"எனக்கு மற்றது தெரியாது," என்றார். "ஒன்றுதான் சொல்லணும். இவர் கேள்வி கேட்டுட்டுக் காத்திருப்பாரு. பத்து எண்ணுற வரைக்கும் சும்மா இருப்பாரு. வேற யாருக்கும் அந்தத் தைரியம் இல்ல. அந்த அமைதி ஏழு மணிக்குக் கிடைக்காது. அதை எடுத்துடாதீங்க."

யாரும் கைதட்டவில்லை. ராஜசேகரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

யுகேந்திரன் சிரித்தார். நல்ல மனிதரின் சிரிப்பு. "ஐயா, நானா? வந்தவங்களை நான் நாலு வார்த்தை பேச விடமாட்டேன்னுதானே எல்லாரும் கம்ப்ளெயின் பண்ணுறாங்க. ரேடியோவுல பத்து செகண்ட் சத்தம் இல்லன்னா அலாரம் அடிக்கும். ஸ்டேஷன் செத்துப் போச்சுன்னு மெஷின் நினைச்சுக்கிட்டுப் பாட்டைப் போட்டுடும். இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூடச் சும்மா இருந்ததில்ல."

"அண்ணே வேற ஸ்டேஷனைச் சொல்றாரு போல," என்றார் ராஜசேகரன், அவரைக் காப்பாற்றுகிற குரலில்.

கூட்டம் முடிந்ததும் கதிரேசு போகவில்லை. யுகேந்திரனிடம் போய், ஒரு பழைய நிகழ்ச்சியின் பதிவு வேண்டும் என்றார். தேதியையும் சொன்னார். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு முதல் நாள் இரவு. எல்லாம் கணினியில் இருக்கிறது என்று யுகேந்திரன் அவரை உள்ளே ஓர் அறைக்குக் கூட்டிப் போனார். அங்கே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். வியாழக்கிழமையிலிருந்து ஏழு மணிக்கு வரப்போகிற பிரேமலா அவள்தான். அவள் பட்டியலைத் தேடினாள்.

"அன்னைக்கு ஒரு டாக்டர் வந்திருக்காரு ஐயா. சர்க்கரை நோயாளிகள் கால்களைப் பராமரிக்கிறது எப்படி."

"இல்லம்மா. பெக்கோக்கிலிருந்து ஒருத்தர். பெண்சாதி இல்லாதவர்."

"அந்த வாரம் முழுக்கப் பார்க்கிறேன்… திங்கள் நகைக்கடைக்காரர். செவ்வாய் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். புதன்தான் கால். பெக்கோக்கிலிருந்து யாருமே வந்ததில்லையே. வருஷம் முழுக்கத் தட்டிப் பார்த்துட்டேன்."

"அப்போ மூவார்க்காரர்? தம்பியோடு பேசாம இருந்தவர்? மெர்சிங் மீனவர்? நீச்சல் தெரியாதவர்?"

யுகேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீச்சல் தெரியாத மீனவரா? இப்படி ஒரு ஆளு வந்திருந்தா நான் மறப்பேனா? யாரு சொன்னது இதெல்லாம்?"

"என் மனைவி. உங்க ப்ரோக்ராமைக் கேட்டுட்டுக் காலையில எனக்குச் சொல்லுவா."

"வேற யாரெல்லாம் வந்தாங்க?"

பத்து பகாட் அப்பாவைப் பற்றிக் கதிரேசு சொன்னார். காகிதத் துண்டைச் சொன்னார். 'சோறு இருக்கிறது' என்று அப்பா எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்ட, 'பசி இல்லை' என்று மகள் கீழே எழுதி ஒட்டியதைச் சொன்னார். பிரேமலா கணினியை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். யுகேந்திரன் வாயைத் திறக்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பத்தைத் தாண்டி எண்ணியிருக்கலாம்.

"அப்புறம்?" என்றார் யுகேந்திரன். "அவர் சம்மதிச்சாரா?"

"சம்மதிச்சாரு. மகளைக் கூப்பிட்டு, பையனை வீட்டுக்கு வரச் சொல்லுன்னு சொல்லிட்டாரு."

"பையன் எப்படி?"

"நல்ல பையன். கத்தோலிக்கப் பையன். சிங்கப்பூருல வேலை. பேரு கில்…"

கதிரேசு நிறுத்தினார்.

பத்து பகாட்காரரின் மருமகனுக்குப் பெயர் இருந்ததாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் வாயில் வந்தது தம் மருமகனின் பெயர். அந்தக் கதை முடிந்து ஒரு வாரம் கழித்து ஷாந்தினி வரவேற்பறையில் நடுங்கிக்கொண்டு நின்றதும், "அப்பா, ஒருத்தரைப் பிடிச்சிருக்கு, ஆனா கத்தோலிக்" என்றதும் நினைவுக்கு வந்தது. தாம் ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியாமல் போனதும். எப்படிப் பேச முடியும்? அந்தப் பத்து பகாட் அப்பனை முட்டாள் என்று தம் வாயாலேயே சொல்லி வைத்திருந்தாரே.

அடுத்து மூவார்க்காரர் வந்து நின்றார். 'ஒரு போன் போட்டா போச்சு, இதுக்குப் போய் ஒன்பது வருஷமா' என்று கதிரேசு சொன்ன மறுநாள் மூவார்க்காரர் தம்பிக்குப் போன் போட்டார். அந்த வாரமே கதிரேசு சிகாமட்டில் இருந்த தம் தம்பிக்குப் போன் போட்டார். அவர்கள் இருவருக்கும் இடையிலும் அப்பாவின் மரண அறிவித்தலில் ஒரு பெயர் வரிசைத் தகராறு இருந்தது. வானொலியில் கேட்ட மனிதரைப் பார்த்து நாமும் செய்தோம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

"ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் பிரேமலா.

"அவ எனக்கு எதையும் சொல்லலம்மா," என்றார் கதிரேசு. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "என்னைக் கேட்டிருக்கா. பன்னிரண்டு வருஷமா உட்கார வச்சுக் கேட்டிருக்கா. நான் என்ன சொன்னேனோ அதுதான் மறுநாள் முடிவு. அதனாலதான் நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு…"

யுகேந்திரன் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் அந்த அக்காவுக்கு முன்னால உட்கார்ந்து பாடம் படிச்சிருக்கணும்," என்றார். அதைச் சும்மா பேச்சுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. மாடிப்படி வரை கூட வந்து, "மீனவர் எதுக்கு ஐயா?" என்று கேட்டார். "மூவார்க்காரர் புரியுது, பத்து பகாட் புரியுது. மீனவரை வச்சு உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

கதிரேசு படியில் நின்று யோசித்தார். மீனவரால் எந்த முடிவும் வரவில்லை. மெர்சிங்கில் அவர்களுக்கு யாரும் இல்லை. அன்று அவர் ஓய்வு பெற்ற முதல் வாரம். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"நான் சிரிக்கிறதுக்கு," என்றார்.

செம்பனைப் பழ லோரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு கூலாய்க்கு வந்தார். வழியெல்லாம் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். பன்னிரண்டு வருடம், வாரத்துக்கு ஐந்து காலை. எத்தனை பேரை அவள் உண்டாக்கியிருப்பாள்! ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர், ஒரு தொழில், ஒரு கவலை. கவுண்டரில் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிய கை. அவர்களில் ஒருவரைக்கூட அவர் சந்தேகித்ததில்லை. கட்டப்போகும் பாலத்துக்கு இலாகாவில் எத்தனை படம் வரைந்திருப்பார், எத்தனை முறை அழித்திருப்பார். அவள் ஒரு கோடு போடாமல், வெங்காயம் உரித்த கையோடு, அத்தனை மனிதர்களை நடக்க விட்டிருக்கிறாள். சாலை விளக்கில் வண்டியை நிறுத்தியபோது பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார். பச்சை விழுந்து வெகு நேரமாகியிருந்தது.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு வானொலியைப் போட்டார். ஊறப்போட்ட பருப்பை அப்படியே வைத்துவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். காஸ்வேயில் நின்றபடி காரிலிருந்து ஒருவர் பேசினார். வேலை மாற்றலாமா என்று ஏதோ குழப்பம். பிரேமலா, "வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

கதிரேசு எண்ணினார். ஒன்று. இரண்டு. வானொலியில் எங்கோ மோட்டார்சைக்கிள்கள் உறுமும் ஒலி மட்டும் கேட்டது. ஐந்து. ஆறு. எட்டில் அந்த மனிதர், "வீட்டுல இன்னும் சொல்லலம்மா" என்றார்.

அலாரத்துக்கு இரண்டு மிச்சம். அந்தப் பெண்ணுக்குத்தான் எவ்வளவு நெஞ்சுரம். ராஜசேகரனுக்கு உடனே போன் போட்டு, ஏழு மணியும் மோசமில்லை என்றார். "நீங்களுமா அண்ணே!" என்று அவர் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை காலை ஷாந்தினியும் கில்பர்ட்டும் வந்தார்கள். பதிலைக் கேட்டுக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்கள். ஆனால் கேட்கவில்லை. ஷாந்தினி கோப்பி கலந்தாள். கடை இடியப்பத்தைத் தட்டுகளில் வைத்தாள். கதிரேசு வைத்த சொதியில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கில்பர்ட் இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டான்.

கதிரேசு அவள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

"நேத்து ராத்திரி ரேடியோவுல ஒருத்தர் வந்தாரு. பெக்கோக்கிலிருந்து."

"எந்த ப்ரோக்ராம் மாமா?" என்றான் கில்பர்ட்.

"பதினொன்றுக்குப் பிறகு."

"அது இப்ப ஏழு மணிக்குல்ல வருது? நேத்து காஸ்வேயில நின்னுக்கிட்டு முழுசாக் கேட்டேனே. யாரோ கவுன்சிலர். ரோட்டுல இருக்கிற குழியைப் பத்தித்தான் பேசினாங்க. பெக்கோக்கிலிருந்து யாரும்…"

மேசைக்கு அடியில் ஏதோ நடந்தது. கில்பர்ட், "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டான்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் ஷாந்தினி. கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் உங்களைப் பத்தி முதல்ல அம்மாகிட்ட சொன்னப்ப, அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'பத்து நாள் பொறு, அப்பாகிட்ட பேசுறதுக்கு ஒரு ஆளை வரவழைக்கிறேன்'னாங்க. யாரு அந்த ஆளுன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது." அப்பாவைப் பார்த்தாள். "சொல்லுங்கப்பா. பெக்கோக்கிலிருந்து யாரு வந்தாங்க?"

கதிரேசு சொன்னார். பெண்சாதி இல்லாத மனிதர். பிள்ளைகள் அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள், அவருக்கு அதில் குறை ஒன்றுமில்லை. போனால் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியும். ஆனால் அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையில் ஏராளமான பேர் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கே போய்விட்டார்கள் என்று அவருக்கு இப்போதுதான் தேடத் தோன்றுகிறது. இன்னும் கொஞ்ச காலம் அங்கே இருந்து பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. அதை மகளிடம் சொன்னால் அவள் மனம் நொந்துவிடுமோ என்று பயப்படுகிறார்.

"நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு, அவர் சும்மா இருந்தார்.

வெளியே பழ வண்டிக்காரர் மலாயில் ஏதோ கூவிக்கொண்டு போனார். ஷாந்தினி கோப்பிக் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். கதிரேசு எண்ணவில்லை. எண்ணாமலே காத்திருக்க முடிந்தது.

"அந்த மகளுக்கு மனசு நோகாதுப்பா," என்றாள் கடைசியில். "கொஞ்சம் நோகும். ஆனா சரியாயிடும். அவரு அங்கேயே இருக்கட்டும். வாரத்துல ரெண்டு நாள் மகள் வீட்டுக்கு வரணும். சொதியில உப்பைக் குறைக்கணும்."

"ரெண்டு நாள் அதிகம்னு அந்த ஆளு சொல்லுவாரு."

"சொன்னா, மகள் அவரோட பேசமாட்டா. காகிதத்துல எழுதி ஃப்ரிட்ஜுல ஒட்டுவா."

கதிரேசு நிமிர்ந்து பார்த்தார். பத்து பகாட்காரரின் கதையை அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

"அம்மா எனக்கும் கதை சொல்லுவாங்கப்பா," என்றாள் ஷாந்தினி. "போன்ல. எனக்கு வந்தது, அப்பாவோட காகிதத்துல எழுதிப் பேசுற ஒரு பொண்ணு."

கில்பர்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "அந்தச் சீனருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன் மாமா. இப்ப இல்லன்னு." வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அந்தப் பெக்கோக் ஆளு கடைசியில என்னதான் பண்ணாரு?"

கதிரேசு அவன் தட்டில் இன்னும் ஓர் இடியப்பத்தை எடுத்து வைத்தார்.

"உட்காருங்க தம்பி," என்றார். "மீதியை நாளைக்குச் சொல்றேன்."